எண்பது வயதில் ஒரு தன்னுருவம்

ஆலிஸ் நீல் (1900–1984), அமெரிக்கா
தன்னுருவம், 1980
கித்தானில் எண்ணெய் வண்ணம்
தேசிய உருவப்படக் காட்சியகம், வாஷிங்டன்

1975-இல் தொடங்கி, இடையில் கைவிட்டு, எண்பது வயதில் நீல் முடித்த ஓவியம் இது. தொங்கும் மார்பு, சரிந்த வயிறு, நரைத்த தலை: எதையும் அவர் திருத்தி அழகாக்கவில்லை. உடலின் ஒவ்வொரு தளர்வையும் நீலக் கோடு ஒன்று தொடர்ந்து செல்கிறது.

உடலில் ஆடை இல்லை. முகத்தில் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. ஒரு கையில் தூரிகை, மறு கையில் துணி. மேற்கத்திய ஓவிய மரபில் நிர்வாணப் பெண் பெரும்பாலும் பார்க்கப்படுபவள். இங்கே பார்ப்பவளும் வரைபவளும் அவளே. சிவந்த கன்னங்களையும் கீழிறங்கிய வாயோரங்களையும் கவனியுங்கள். தன்னையே உற்றுப் பார்க்கும் சிரமம் அவற்றில் தெரிகிறது.

1960-களிலிருந்து கர்ப்பிணிகளை ஆடையின்றி, ஒளிவுமறைவின்றி வரைந்தவர் நீல். பிறர் உடலுக்குக் காட்டாத சலுகையைத் தன் உடலுக்கும் அவர் காட்டவில்லை.