அழையா விருந்தாளியின் குரல்

செவ்வாயில் வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டிலேயே திருட்டு. கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலிருந்து 23 கோப்புகள், சுமார் 500 மெகாபைட் தரவு களவு போயிருந்தது 2018 ஏப்ரலில் தெரியவந்தது. திருடர்கள் ஏறக்குறைய 10 மாதம் உள்ளேயே உலவியிருக்கிறார்கள். நுழைந்த வழி ஒரு ராஸ்பெர்ரி பை: ஏடிஎம் அட்டை அளவே உள்ள, பள்ளிப் பிள்ளைகளும் வாங்கி விளையாடும் குட்டிக் கணினி. அனுமதி இல்லாமல் ஆய்வகத்தின் நெட்வொர்க்கில் அது சொருகப்பட்டிருந்தது.

இத்தனைக்கும் நெட்வொர்க்கில் சேர்ந்த கருவி பொதுவாக வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. கேபிளைச் சொருகிய சில நொடிகளில், "யாராவது எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று அந்தப் பகுதி முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. புது ஊரில் பேருந்தை விட்டு இறங்கியவர் நடுத்தெருவில் நின்று "இங்கே வாடகைக்கு வீடு இருக்கிறதா?" என்று கேட்பதைப்போல.

கூவும்போது தன் பெயரையும் சொல்லிவிடுகிறது. என் மேசைக்கு அடியில் கிடக்கும் பிரின்டரைப் புரட்டினால், தூசிக்கு நடுவே ஒரு ஸ்டிக்கர். அதில் எண்ணும் எழுத்தும் கலந்த 12 குறிகள். இதுதான் மேக் முகவரி, தொழிற்சாலையிலேயே வைத்த பெயர். இப்படி 281 லட்சம் கோடி பெயர்கள் சாத்தியம். உலகில் ஆளுக்கு 30,000 கருவி கொடுத்தாலும் தீராது. முதல் 6 குறிகள் தயாரிப்பாளரைக் குறிக்கும், கிட்டத்தட்ட வீட்டுப்பெயர் மாதிரி. ராஸ்பெர்ரி பைக்கும் சொந்த வீட்டுப்பெயர் உண்டு.

கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி இதையெல்லாம் குறித்துக்கொள்கிறது. எந்தத் துளையில் எந்தப் பெயர் பேசியது என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். 5 நிமிடம் பேசாதவரைப் பொதுவாக அடித்துவிடும். ஆகவே மூன்றாம் மாடி, 17ஆம் துளை என்று ஆளைக் கையோடு பிடித்துவிடலாம்.

பெயரை மாற்றிக்கொண்டால்? ஒரே ஒரு கட்டளை போதும், குட்டிக் கணினி தன்னைப் பிரின்டர் என்று சொல்லிக்கொள்ளும். (நம் செல்போன்களே இப்போது வைஃபைக்கு வைஃபை புனைபெயர் வைத்துக்கொள்கின்றன, நல்ல எண்ணத்தோடுதான்.) ஆனால் பெயரை மாற்றுவது சுலபம், பேச்சுவழக்கை மாற்றுவது கடினம். முகவரி கேட்கும்போது கூடவே என்னென்ன விவரம், எந்த வரிசையில் கேட்கிறது என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். அனுப்பும் தரவுப் பொட்டலம் ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆயுள் எண் இருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக 128 என்று எழுதி அனுப்பும், லினக்ஸ் 64. வழியில் ஒரு ரவுட்டரைத் தாண்டினால் ஒன்று குறையும். பக்கத்து மேசையிலிருந்து வரவேண்டிய பொட்டலத்தில் 63 என்று இருந்தால், அங்கே யாரோ ரகசியமாக ரவுட்டர் வைத்து, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கருவியை ஒளித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் மூன்று ஆய்வாளர்கள் காட்டிய வித்தை. கணினியின் கடிகாரத்தை நடத்துவது ஒரு குவார்ட்ஸ் படிகம். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற இரண்டு கணினிகளிலும் படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகு என்றால், ஒரு நாளைக்கு 0.0864 நொடி; கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பொட்டலங்களில் பதிந்து வரும் நேர முத்திரைகளைத் தூரத்திலிருந்தே கவனித்து இந்தப் பிசகை அளந்தார்கள். முகவரி மாறினாலும் கடிகாரத்தின் நொண்டல் மாறாது.

கண்டுபிடித்தபின் துரத்துவதைவிட வாசலிலேயே நிறுத்துவது மேல் என்று நினைப்பவர்களுக்கு 802.1எக்ஸ் என்ற நெறிமுறை இருக்கிறது. வெளியான ஆண்டு 2001. கேபிளைச் சொருகினாலும் துளை திறக்காது. அடையாளம் காட்டும் உரையாடல் மட்டும் உள்ளே போகும். ஸ்விட்ச் அதை வாங்கிப் பின்னாலுள்ள சர்வரிடம் காட்டும். சர்வர் தலையாட்டினால் திறப்பு. இல்லையென்றால் கதவடைப்பு, அல்லது யாரையும் தொடமுடியாத ஒரு தனி அறை. தொல்லை என்னவென்றால் பழைய பிரின்டர்களுக்கு இந்த உரையாடல் தெரியாது. அவற்றைப் பெயரை மட்டும் பார்த்து உள்ளே விட வேண்டியிருக்கிறது. போலிப் பிரின்டர் காத்திருப்பதும் அந்தச் சலுகைக்குத்தான்.

பசடேனாவில் இந்த அளவு நுட்பமெல்லாம் தேவைப்படவில்லை. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, ஆய்வகத்தின் கருவிப் பட்டியலே முழுமையாக இல்லை என்கிறது. புதிய கருவிகளை ஏன் ஒழுங்காகப் பதிவதில்லை என்பதற்கு ஒரு கணினி நிர்வாகி சொன்ன காரணமும் அதில் இருக்கிறது: பதிவு செய்யும் மென்பொருள் சில சமயம் வேலை செய்யாது, அப்புறம் செய்யலாம் என்று விட்டால் மறந்துபோகும்.