நினைவகத்தின் வேகமும் நிதானமும்

டி.டி.ஆர்.4 நினைவகப் பலகையில் 3200 என்று பொறித்திருக்க, கணினி 2133 எனக் காட்டுதல் கண்டு, வணிகர் வஞ்சித்தார் என மயங்குவோர் உளர். பேச்சிப்பாறை அணை நிறைந்திருப்பினும் மதகு திறந்த அளவேயன்றோ நாஞ்சில் வயலுக்கு நீர் சேரும்? அவ்வாறே பயாஸ் முதலில் காப்பான வேகத்தையே வகுக்கின்றது. அதனுட் சென்று எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கின், பலகையிற் பதிந்துள்ள வேகமும் காலக்கணக்கும் மின்னழுத்தமும் ஒருங்கே அமையும். பின்னர்ச் சில கருவிகள் 1600 மெகாஹெர்ட்ஸ் எனக் காட்டுதலும் பிழையன்று; துடிப்பொன்றுக்குத் தரவு இருமுறை செல்லுதலால் அதுவே 3200 ஆகும்.

செயலியும் தாய்ப்பலகையும் தாங்காத வேகத்தில் கணினி நின்றுபோதல் சிறு துன்பம்; நாம் அறியாமலே ஓரெழுத்து மாறி, ஆண்டு முழுதும் உழைத்த ஆய்வேடு கெடுதல் பெருந்துன்பம். ஆகையால் மாணாக்கர் மெம்டெஸ்ட்86 கொண்டு இரவு முழுதும் சோதித்தல் வேண்டும். ஒரு பிழை தோன்றினும் வேகத்தைக் குறைத்தலே அறிவுடைமை.