கை நீட்டியவர்கள் – 9: கிருமி இல்லை, ஆனால் ‘பாசிட்டிவ்’

ஸ்டெப் ஆய்வு 2007 செப்டம்பரில் பாதியில் நின்றதோடு சென்ற வாரம் முடித்திருந்தோம். எச்.ஐ.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட 741 பேரில் 24 பேருக்குத் தொற்று, வெற்று ஊசி போட்டுக்கொண்ட 762 பேரில் 21 பேருக்குத் தொற்று. இந்த எண்கள் மனசில் இருந்தால் போதும்.

இந்த வாரம் தென்னாப்பிரிக்காவின் பம்பிலி ஆய்வுக்குப் போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. தடுப்பூசி ஆய்வில் சேர்ந்த ஒருவருடைய உடம்பில் எச்.ஐ.வி. கிருமி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்தால், ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று சீட்டு வரலாம்!

காரணம் எளிது. தடுப்பூசியில் முழுக் கிருமி கிடையாது. அதன் புரதத்தில் ஒரு துண்டோ, அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவோதான் இருக்கும். அதனால் ஊசி மூலம் எச்.ஐ.வி. தொற்ற வழியே இல்லை. ஆனால் உடம்பு அந்தத் துண்டைப் பார்த்து ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. தடுப்பூசியின் வேலையே அதுதானே. ஊரெங்கும் செய்யப்படும் எலிசா போன்ற சோதனைகள் தேடுவதோ கிருமியை அல்ல, ஆன்டிபாடியைத்தான். கிருமி வந்து உண்டான ஆன்டிபாடி எது, ஊசியால் உண்டானது எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று தேடும் பி.சி.ஆர். வகைச் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இது ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வதும் அல்ல. பல ஆய்வுகளில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 2,176 தன்னார்வலர்களைப் பற்றிய கணக்கு 2010இல் வெளியானது. தொற்றே இல்லாத அவர்களில் 908 பேருக்குச் சோதனை ‘பாசிட்டிவ்’ காட்டியது. ஸ்டெப் தடுப்பூசியில் இருந்த அதே சளிக்காய்ச்சல் வைரஸை, அதாவது அடினோவைரஸ் 5ஐ, வாகனமாகக் கொண்ட தடுப்பூசிகளில் இது 86.7 சதவீதம். வெறும் டி.என்.ஏ. தடுப்பூசியில் 6.3 சதவீதம்தான். சிலருக்கு இந்த நிலை பல ஆண்டுகள் நீடிக்கிறது.

இதே எலிசாவுக்கு நம் ஊரில் ஒரு பெருமையும் உண்டு. 1986 பிப்ரவரியில் செல்லப்பன் நிர்மலா என்ற மருத்துவ மாணவி, சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, காட்பாடிக்கு இரவு ரயில் ஏறினார். அதுவரை அவற்றைத் தம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருந்தார். ஆய்வுக்கு வழிகாட்டியவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி.யில் எலிசா செய்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னது அந்த மஞ்சள்தான். ஒரு நாட்டையே விழிக்கவைத்த அதே வகைச் சோதனை, நோயைத் தடுக்கக் கை நீட்டியவர் மீது தவறாகப் பழி போடுகிறது.

அந்தச் சீட்டு எங்கெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வளைகுடா வேலைக்குப் போகிறவருக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயம், ‘பாசிட்டிவ்’ வந்தால் விசா இல்லை. கர்ப்பிணிக்கும் இதே சோதனைதான். விவரம் தெரியாத மருத்துவர் தேவையே இல்லாமல் கிருமி மருந்தைத் தொடங்கிவிடலாம். தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும் என்பதால், பிறந்த பிள்ளையின் சீட்டிலும் அதே சொல் வரலாம்.

எச்.ஐ.வி. ஆய்வுக்கு வெளியேயும் இந்தச் சிக்கல் வந்தது. 2020இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஒரு கொரோனா தடுப்பூசியை உருவாக்கியது. புரதம் கலையாமல் பிடித்துவைக்கும் கவ்வியாக எச்.ஐ.வி. புரதத்தின் சிறு துண்டைச் சேர்த்திருந்தார்கள். தன்னார்வலர்களிடம் பெரிய பக்கவிளைவு எதுவும் இல்லை; ஆனால் சில எச்.ஐ.வி. சோதனைகள் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டின. அரசு 5.1 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தும், டிசம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஊர் முழுவதற்கும் வரும் சங்கடம் என்றவுடன் ஒரு தடுப்பூசியே நின்றுபோனது. அதே சங்கடத்தை எச்.ஐ.வி. ஆய்வுத் தன்னார்வலர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தனித்தனியாகச் சுமந்து வருகிறார்கள்.

ஆய்வு அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. ஒப்புதல் படிவத்திலேயே இதைச் சொல்கிறார்கள். அடையாள அட்டை கொடுக்கிறார்கள். சரியான சோதனையை இலவசமாகச் செய்து தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், போதாது. வேலை கேட்டுப் போன இடத்தில் அந்த அட்டையை நீட்டினால், ‘எச்.ஐ.வி. ஆய்வில் இவருக்கு என்ன வேலை?’ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். ஆய்வு முடிந்து அலுவலகம் மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பணம் போட்டவர்களின் கடமை கடைசி ஊசியோடு தீராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்குப் போட்டது மருந்தா, வெற்று ஊசியா என்று தன்னார்வலருக்குத் தெரியக்கூடாது. வெளியே சோதித்து ‘பாசிட்டிவ்’ வந்து, கிருமி இல்லை என்றும் உறுதியானால், போட்டது மருந்துதான் என்று புரிந்துவிடும். நமக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அவர் நம்பி, ஆணுறையைக் கைவிட்டால்? ஸ்டெப்பில் அந்த மருந்து பாதுகாக்கவே இல்லை. விருத்தசேதனம் செய்யாத, அடினோவைரஸ் 5க்கு ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்த ஆண்களில், தடுப்பூசி போட்டவர்களுக்கே தொற்று அதிகம். ஆய்வு நடக்கும்போது வெளியே சோதிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006இல் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வில் 32 பேர் கை நீட்டினார்கள். இது எங்கோ கேப்டவுனில் நடக்கும் கதை மட்டும் இல்லை.

லேபில் வேலை பார்க்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பாசிட்டிவ்’ என்று சீட்டில் எழுதும் முன், எப்போதாவது தடுப்பூசி ஆய்வில் சேர்ந்ததுண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம் என்றால் பி.சி.ஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பம்பிலியில் சேர்ந்த 801 பேருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.