சேற்றில் இறங்கும் முன்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குடகு, சக்லேஷ்பூர், கோவா ஆகிய பகுதிகளின் மலைத்தடங்கள் சேறாகிவிடுகின்றன. அச்சேற்றில் வண்டி ஓட்டுவதற்கென்றே அங்குச் செல்வோர் உண்டு. 2020-இல் மகிந்திரா தாரின் புதிய வடிவம் வெளிவந்தபின், நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி குடும்ப வாகனமாகவும் பல இல்லங்களுக்கு வந்துவிட்டது. அதனை நம்மில் பலர் கடன் பெற்றே வாங்குகிறோம். ஆகவே அதைப் பேணுவதும் மாற்றியமைப்பதும் நம் பணத்தைப் பற்றிய கேள்விகளும் ஆகும்.

முதலில் பராமரிப்பு. சேற்றுப் பயணம் முடிந்த அன்றே வண்டியின் அடிப்பகுதியை நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். பிரேக் பட்டைகளைத் தேய்க்கும். ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும். ஓடையைக் கடந்திருந்தால் ஆக்சில் எண்ணெயையும் பார்த்துவிடுவது நன்று. அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மாற்றும் சிறு செலவைத் தள்ளிப்போட்டால் பற்சக்கரங்களையே மாற்ற நேரிடும்.

அடுத்து நீரின் ஆழம். புதிய தாருக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவு 650 மில்லிமீட்டர். அதாவது முழங்காலுக்குச் சற்று மேல். காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்து எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பலாகாது. காற்றைப்போல் நீர் அழுந்தாது. உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். சாதாரணக் காப்பீடு இவ்விழப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவைப் பாலிசியில் சேர்த்திருக்கிறோமா என்பதை மழைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மாற்றங்கள். சேற்றுக்கான டயரை, தயாரிப்பாளர் அனுமதித்த அளவிலேயே வாங்குவோம். சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டினால், நெடுஞ்சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்புவோம். முன்புற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றுதல் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். வண்டி ஓடாமல் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. எனவே பட்டறைக்குச் செல்லுமுன் மூன்று இடங்களில் எழுத்துமூலம் கேட்டுவிடுவோம்: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், கடன் தந்த வங்கிக் கிளை. கிடைத்த பதில்களைப் பதிவுச் சான்றிதழின் நகலோடு ஒரே கோப்பில் வைத்துவிட்டால், சேற்றில் இறங்குவதற்கான ஆயத்தத்தில் பாதி முடிந்தது.