பத்து நிமிடம் உடனிருங்கள்

"ஐயா, பீடியை விடத்தான் பார்க்கிறேன், முடியவில்லையே" என்று வார்டில் பலர் எங்களிடம் கலங்குவதுண்டு. முன்பெல்லாம் புத்திமதி சொன்னோம், பயன் குறைவு.

நிக்கோடினுக்கு மூளை பழகிவிடுவதால், விட்ட முதல் சில நாட்களே மிகக் கடினம். ஆனால் ஒவ்வொரு வேட்கையும் அலைபோல் எழும்பி, பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். அதுவரை அதோடு மல்லுக்கட்டாமல், "ஆசை வருகிறது, போய்விடும்" என்று கவனித்தபடி மெதுவாக மூச்சுவிடலாம், தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகலாம், சற்று நடக்கலாம். இது போதாதவர்களுக்கு மருத்துவர் நிக்கோடின் சூயிங்கமோ மாத்திரையோ தருவார்.

மறுபடியும் விழுந்தவரைக் கடிந்துகொள்ளாமல், அந்தப் பத்து நிமிடம் அருகில் உட்காருவதே இப்போது எங்கள் ஊழியம். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.