கணினியிடம் கேட்க வேண்டிய கேள்வி

மதுரையிலிருந்து தேனி சாலையில் காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர் கடந்து போகும் ஊர் நாகமலை புதுக்கோட்டை. அங்கு உறவினர் வீட்டில், பீரோவின் மேல் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்த மடிக்கணினி ஒன்றை அண்மையில் காண நேர்ந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவ்வீட்டுப் பெண் பெற்றது அது. இப்போது அவருடைய தம்பி கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். பழுதுபார்க்கும் கடையிலோ, "இது 32 பிட் கணினி, புதிய மென்பொருள் எதுவும் ஏறாது" என்று கூறிவிட்டனர். புதிது வாங்கக் கடன் தேடிக் கொண்டிருந்தது குடும்பம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 7-இன் திரையில் அப்படித்தான் இருந்தது. ஆனால், அது இயக்க முறைமையைப் பற்றிய தகவலே தவிர, நுண்செயலியைப் பற்றியது அன்று.

ஒரு கணினியின் கட்டமைப்பு என்ன என்று நிரல் வழியே கேட்கும்போது, விடை சொல்லக்கூடியவர்கள் மூவர்: நிரல், இயக்க முறைமை, நுண்செயலி. நினைவக முகவரியின் நீளத்தை அளந்தால் 4 பைட் அல்லது 8 பைட் என வரும். அது அந்த நிரல் எவ்வகையில் தொகுக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் நிரல் தன் கணினியின் வகையைக் கேட்டால், பழைய நிரல்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, '32 பிட்' என்றே விண்டோஸ் வேண்டுமென்றே விடையளிக்கும். உண்மை வேறொரு மாறியில் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் எம்1 சில்லுக்கு மாறியபோதும் இதே கதைதான். மொழிபெயர்ப்பின் துணையோடு ஓடும் பழைய நிரலுக்கு, தான் இன்டெல் கணினியில் இருப்பதாகவே தோன்றும்.

இன்டெல் வகை நுண்செயலிகளை நேரடியாகக் கேட்கவும் வழியுண்டு. 'சிபியுஐடி' என்னும் கட்டளைக்கு, தயாரிப்பாளர் பெயரைப் பன்னிரண்டு எழுத்துகளில் சொல்வதோடு, தன்னால் இயன்றவற்றையும் நுண்செயலி பட்டியலிடும்.

அம்மடிக்கணினியில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதில் 'யூநேம்' கட்டளையை இட்டால் 'ஐ686', அதாவது 32 பிட் என்றே வந்தது. நுண்செயலியின் பண்புகளைத் தாங்கிய 'சிபியுஇன்ஃபோ' கோப்பைத் திறந்தோம். நீண்ட வரிசையின் நடுவே 'எல்எம்' என இரண்டு எழுத்துகள். 64 பிட் முறையில் இயங்க வல்லது என்பதற்கான குறி அது. செயலி 64 பிட்டாகவும் இயக்க முறைமை 32 பிட்டாகவும் அமைந்த கணினிகள் அக்காலத்தில் அரிதல்ல.

இந்த வேறுபாடு இன்று பணத்தோடு தொடர்புடையது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. பழைய கணினிகளை மின்கழிவாக ஒதுக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும், அதற்கு முன் இந்த இரண்டு எழுத்துகளைத் தேடிப் பார்க்குமாறு ஓர் உத்தரவு இட்டாலே போதும். ஒரு கணினிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிரல் எழுதும் மாணவர்களுக்கும் ஒரு சொல். 'இன்டெல் இல்லையென்றால் ஆர்ம்' என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' நுண்செயலி இரண்டும் அல்ல. அது 'ரிஸ்க்-5' வகையைச் சேர்ந்தது. அறியாத விடை வந்தால் ஊகிக்காமல், 'அறியேன்' என்று நின்றுவிடும் நிரலே நம்பத் தக்கது.

நாகமலை புதுக்கோட்டை மடிக்கணினியில் இப்போது 64 பிட் லினக்ஸ் ஓடுகிறது. நினைவகம் 2 ஜிபிதான் என்பதால் காணொலி திணறுகிறது. பைத்தான் பழக இது போதும் என்கிறார் தம்பி.