ஜீப் பட்டை தொங்கினால் என்ன செய்வது?



உங்களில் சிலர் வீட்டில் பழைய ஜீப் ஒன்று நிற்கும். 1941-ல் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்யத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த வண்டி அது. நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி அதைப் பல ஆண்டுகள் செய்து விற்றது. உர மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றுகிறோம். போடி, கம்பம் பக்கத்தில் ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களே ஜீப்பில் மலையேறிப் போகிறார்கள். இத்தனை பாரமும் அடியில் இருக்கிற நாலு ஸ்பிரிங் பட்டைக் கட்டுகள் மேலேதான் நிற்கிறது.

பட்டை எதற்கு என்று கேட்டால், குலுக்கல் தெரியாமல் இருக்க என்பார்கள். அது பாதிதான். சக்கரத்தின் அச்சை அதனுடைய இடத்தில் பிடித்து நிறுத்துவதும் பட்டைதாங்க. கட்டின் ஒரு நுனி சேசிஸில் போல்ட்டால் நிலையாக மாட்டியிருக்கும். மறு நுனி ஷாக்கிள் என்ற ஆடும் கொக்கியில் தொங்கும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது பட்டை நிமிர்ந்து நீளும். அதற்கு இடம் கொடுப்பது ஷாக்கிள். நடுவில் யு போல்ட்டுகள் அச்சையும் பட்டையையும் சேர்த்து இறுக்கியிருக்கும். இதிலே ஒன்று விட்டுப்போனாலும் அச்சு நகர்ந்துவிடும். மலைப்பாதை வளைவில் அப்படி நகர்ந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

பட்டை கெட்டுப்போச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியைச் சமதளத்தில், சுமை இல்லாமல் நிறுத்துங்கள். டயர்க் காற்றைச் சரிபாருங்கள். தரையிலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால் அந்தக் கட்டு சோர்ந்துவிட்டது. அடுத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு மாறினால், தகடுகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் ஒடிந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகும். பிறகு மண்ணைக் கழுவிவிட்டு, தகடுகளில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

"ஒடிஞ்ச தகட்டை வெல்டிங் வைச்சா போதாதா?" என்று கேட்பீங்க. போதாது. நம் ஊர்க் கொல்லர் பழைய பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார். இரும்பைக் காய்ச்சினால் பதம் மாறும், அதைத் தோய்ச்சல் கொடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெல்டிங் சூட்டில் பட்டையின் பதம் அந்த இடத்தில் போய்விடுகிறது. பக்கத்திலேயே மறுபடி ஒடியும். சுமை அதிகம் என்று கூடுதல் தகடு செருகுவதும் சரியில்லை. வண்டி விறைத்துப்போய், அடியெல்லாம் சேசிஸுக்குப் போகும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும். முன் இரண்டு, அல்லது பின் இரண்டு என்று ஜோடியாகவே மாற்றுங்கள். சில வண்டிகளில் முன்பக்க இடது கட்டும் வலது கட்டும் வேறுவேறு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாற்றுகிற முறை. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் உறுதியான இரும்பு ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் இவற்றின் மேலும் நிறுத்தக்கூடாது. அவை சொல்லாமல் நொறுங்கும். அரை மணி வேலைக்கு உயிரைப் பணயம் வைக்கலாமா?

இன்னொரு ஜாக்கியால் அச்சைத் தாங்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அச்சு தொங்கி பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாக் அப்சார்பரின் கீழ் நுனியைக் கழற்றி, பிறகு யு போல்ட், ஷாக்கிள், நிலைபோல்ட் என்று வரிசையாக எடுங்கள். பழைய வில்லிஸ் வகையில் ஷாக்கிளே யு வடிவத்தில் மரை வெட்டியிருக்கும். அவற்றில் சிலது இடது மரை. திரும்பவில்லை என்று பெரிய குழாய் மாட்டி முறுக்குவதற்கு முன்னால், எந்தப் பக்கத்து மரை என்று பாருங்கள்.

புதுக் கட்டைப் பொருத்தும்போது, சென்டர் போல்ட்டின் தலை அச்சின் இருக்கையில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் இறுக்கினால் அச்சு கோணலாகிவிடும். யு போல்ட்டுகளைப் புதுசாகவே போடுங்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும். நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள வண்டியானால், சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியின் பாரம் விழுந்த பிறகே கண் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மரை வைத்த ஷாக்கிளுக்கு ரப்பர் இல்லை. அது தடையில்லாமல் ஆட வேண்டும், மறக்காமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.

வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீங்க. புதுத் தகடுகள் ஓட ஓடப் படியும். படிந்தால் யு போல்ட் தளரும். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டுவிட்டால் சென்டர் போல்ட் ஒடிந்து, செய்த செலவெல்லாம் வீணாகும்.

உழவு மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் பார்க்கிறோம் இல்லையா? அதேபோல் மாதம் ஒருமுறை குனிந்து ஜீப்பின் பட்டையையும் பாருங்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் நல்லபடியாக வீடு திரும்புவதும் அதில்தான் இருக்கிறது.